உள்ளேன் ஐயா

நவம்பர் மாதத்து ஆக்ஸ்ஃபோர்டில் மூன்று மணிக்கே விளக்குப் போட்டாக வேண்டும். அன்றைக்குப் பட்டமளிப்புச் சனிக்கிழமை வேறு. பெலிக்கன் ஓட்டலின் வளைவுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்த லென் டக்வெல், முற்றத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள், தொப்பி வைத்த அம்மாக்கள், சொட்டுகிற குடைகள், வழியை அடைத்துக்கொண்டு பெட்டிகள். ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனியும் தன் பங்குக்கு முற்றத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

குதிரை வண்டிகள் வந்து நின்ற காலத்துக் கட்டடம் அது. நானூறு வயது. கோணிப்போன மாடிப்படிகள், குனியாமல் நடந்தால் நெற்றியைப் பெயர்க்கும் உத்தரங்கள், நடுமுற்றத்தைச் சுற்றி மரத் தாழ்வாரங்கள். வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து உருகுவார்கள். முப்பத்தோரு வருடமாக அந்தப் படிகளில் பெட்டி தூக்கிய தலைமை போர்ட்டர் லென்னுக்கு அது வெறும் முதுகுவலி.

கோட்டு மாட்டிக்கொண்டு பின்படி வழியாக ஏறும்போது, இரண்டாவது திருப்பத்தில் அவருடைய மகள் ஹேசல் உட்கார்ந்திருந்தாள். மடியில் துவைத்த படுக்கை விரிப்புகள். அவற்றில் முகத்தைப் புதைத்திருந்தாள். இருபத்துமூன்று வயது. அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. அவளுடைய அம்மா போன பிறகு லென்னுக்கு வீடு என்று சொல்ல அவள் ஒருத்திதான்.

"என்ன கண்ணு, மறுபடியும் தலைவலியா?"

"ஒரு பக்கமா பொளக்குதுப்பா. வெளிச்சத்தைப் பார்த்தாலே குமட்டுது."

"வீட்டுக்குக் கெளம்பு. நான் சொல்லிக்கிறேன்."

"இன்னிக்கா? ப்ரூடோ அம்மா என் தோலை உரிச்சு வாசல்ல மிதியடியாப் போட்டுடுவா."

லென் யோசித்தார். மேல்மாடியில் முப்பத்தொன்றாம் அறை காலியாக இருந்தது. கூரை ஒழுகுகிறது என்று அதை யாருக்கும் கொடுப்பதில்லை. மகளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் அங்கே படுக்க வைத்தார். திரையை இழுத்து விட்டார்.

"ஒரு மணி நேரம் தூங்கு. நானே வந்து எழுப்புறேன்."

"பூட்டிட்டுப் போங்கப்பா."

"பூட்டவா? வேணாம். தாழ்ப்பாளைப் போட்டுக்க."

"தாழ்ப்பாள் ஒடஞ்சு ஆறு மாசம் ஆச்சு. அந்தம்மா சுத்திப் பார்க்க வந்து நான் இங்க குறட்டை விடுறதைப் பார்த்தா, திங்கக்கிழமை நான் தெருத் தெருவா வேலை தேடணும். பூட்டிட்டுப் போங்க."

அவருக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அவள் கண்ணை மூடிவிட்டாள். மூடிய கண்ணோடு முகத்தைச் சுளித்தாள்.

"என்னமோ வாசனை இங்க. நனைஞ்ச கம்பளியை மூடி வெச்ச மாதிரி."

லென்னுக்கும் அது மூக்கில் ஏறியது. ஈரக் கம்பளி. கூடவே, இப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவத்தி. ஒழுகுகிற கூரைதானே என்று தேற்றிக்கொண்டு கதவைப் பூட்டினார். பித்தளைப் பட்டை தொங்கும் சாவியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். அந்த அறைக்கு அது ஒன்றுதான் சாவி.

கீழே வரவேற்பு மேசையில் நிர்வாகி மிஸஸ் ப்ரூடோ நின்றிருந்தாள். அவள் கையில் சிவப்பு அட்டை போட்ட பேரேடு. தீ மணி அடித்தால் எல்லாரும் முற்றத்தில் கூட வேண்டும். அந்தப் பேரேட்டைப் பார்த்து விருந்தாளிகள், வேலைக்காரர்கள் அத்தனை பேர் பெயரையும் கூப்பிட்டு, பதில் சொன்னவர்களுக்கு எதிரே கோடு போட வேண்டும். தீயணைப்புக்காரர்கள் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். எல்லாரும் வந்தாச்சு என்றால் உள்ளே ஆளை அனுப்ப மாட்டார்கள்.

இரண்டு வருடம் முன்பு வரை அது லென்னின் வேலையாக இருந்தது. ஒரு மார்ச் மாதச் சாயங்காலம் இரண்டாம் மாடியில் தீப்பிடித்தது. லென்தான் பெயர் கூப்பிட்டார். "பாதிரியார் ஆல்டிங்டன், பதினாலாம் அறை?" என்றதும் கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது.

"உள்ளேன் ஐயா."

ஓட்டலில் யார் அப்படிச் சொல்வார்கள்? கிழவர் பழைய காலத்து ஆள் என்று நினைத்துக் கோடு போட்டார். ராத்திரி தீ அடங்கிய பிறகு, பதினாலாம் அறையின் குளியல்தொட்டிக்குப் பக்கத்தில் கிழவர் புகை குடித்துச் செத்துக் கிடந்தார். விசாரணையில் லென் நடந்ததைச் சொன்னார். யாரும் நம்பவில்லை. கூப்பிடாமலே கோடு போட்டிருக்கிறான், மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள். மூன்று மாதம் அவர் தூக்க மாத்திரையில் இருந்தார். பேரேடு மிஸஸ் ப்ரூடோ கைக்குப் போனது.

நம்பினவன் ஒருத்தன்தான். மதுக்கூடத்து ஆர்ச்சி. அவன்தான் கிளாஸைத் துடைத்துக்கொண்டே அந்தப் பழைய கதையைச் சொன்னான்.

"அந்தக் காலத்துல காலேஜுப் பசங்க ஓட்டல்ல கால் வைக்கக் கூடாது, தெரியும்ல? மாட்டினா அபராதம். ஓட்டல்காரனுக்கும் சேர்த்து. தினம் காலையில எட்டு மணிக்கு ஹால்ல பேர் கூப்பிடுவாங்க. எவனாவது வெளிய தங்கிட்டா, கூட்டாளி குரலை மாத்தி உள்ளேன் ஐயான்னு சொல்லிடுவான். இங்க ஒரு பய வந்து குடிச்சான், காய்ச்சல்ல விழுந்தான். முதலாளி பயந்துபோயி மேல்மாடி ரூம்ல வெச்சுப் பூட்டிட்டான். காலேஜுல கூட்டாளி நாலு நாள் அவனுக்காகக் குரல் குடுத்தான். அதனால யாரும் தேடலை. அஞ்சாம் நாள் கதவைத் திறந்தா பொணம். கதவு முழுக்க நகக்கீறல்."

"கூட்டாளி?"

"அவனா? அன்னிக்கு ராத்திரியே அந்த ரூமுக்கு வந்து தூக்குல தொங்கிட்டான். நல்லது செய்யறோம்னுதானே நெனச்சான், பாவி. இன்னும் அதையே நெனச்சிட்டிருக்கான் போல. வராதவனுக்கெல்லாம் குரல் குடுக்கறான்."

எந்த அறை என்று ஆர்ச்சிக்குத் தெரியவில்லை. லென்னும் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

நாலேகாலுக்குத் தீ மணி அடித்தது.

அப்போது லென் தெருவில் ஒரு டாக்ஸிக்குள் டிரங்குப் பெட்டியைத் திணித்துக்கொண்டிருந்தார். அந்த மாதத்தில் அது நாலாவது மணி. முந்தின மூன்று தடவையும் சமையலறையில் கருகின ரொட்டிதான் காரணம். விருந்தாளிகள் தேநீர்க் கோப்பையும் கையுமாக முற்றத்துக்கு இறங்கி வந்தார்கள்.

"என் பையன் பாஸ் பண்ணதுக்கு ஊரே மணியடிக்குது பாருங்க," என்றார் ஒரு அப்பா.

"அவன் பாஸானதை நம்ப முடியாமத்தான் அடிக்கிறாங்க," என்றாள் அவர் மனைவி. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

லென் பின்படியைப் பார்த்து நடந்தார். மகளை எழுப்பி, சந்தடியில்லாமல் கூட்டத்தில் சேர்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு. மிஸஸ் ப்ரூடோ குறுக்கே வந்தாள்.

"லென், வளைவுல பெட்டிங்க அடைச்சிட்டிருக்கு. வண்டி எப்படி வரும்? மொதல்ல அதை நகர்த்துங்க!"

"ஒரு நிமிஷம், மேடம், மேல..."

"இப்பவே, லென். இது ரொட்டி இல்ல."

அவர் அண்ணாந்து பார்த்தார். சமையலறைப் புகைபோக்கி சுவருக்குள்ளேயே மாடி மாடியாக ஏறிப் போகும். மூன்றாம் மாடிப் பலகை இடுக்குகளிலிருந்து மூடுபனியைவிடக் கறுப்பாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது.

திரும்பி ஓடக் காலெடுத்தார். அந்த நேரம் பார்த்து மிஸஸ் ப்ரூடோ பேரேட்டைப் பிரித்து வேலைக்காரர்கள் பெயரைக் கூப்பிட ஆரம்பித்தாள். மூன்றாவது பெயர்.

"ஹேசல் டக்வெல்?"

"இருக்கேன், மேடம்."

ஹேசலின் குரல். சந்தேகமே இல்லை. தலைவலியில் கொஞ்சம் கம்மியிருந்தது. லென் பெட்டி ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடவுளே, வந்துவிட்டாள். நன்றி, நன்றி. அப்புறம் எழுந்து பெட்டிகளை நகர்த்தினார். ஒவ்வொன்றாக, ஒழுங்காக. அந்த ஐந்து நிமிடத்தைத்தான் பிற்பாடு அவரால் மன்னிக்கவே முடியவில்லை.

பெட்டிகள் ஒதுங்கியதும் மகளைத் தேடினார். கறுப்பு அங்கிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து தேடினார். குளிருமே, தன் கோட்டைக் கொடுக்கலாம் என்று கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

ஹேசல் இல்லை.

கழற்றிய கோட்டு தொடையில் உரசியபோது கால்சட்டைப் பையில் ஏதோ குத்தியது. கையை விட்டு எடுத்தார். பித்தளைப் பட்டை. முப்பத்தொன்று.

அவள் எப்படி வந்திருக்க முடியும்?

அதற்குள் சிவப்பு வண்டி வளைவு வழியாக முற்றத்துக்குள் வந்து நின்றுவிட்டது. லென் தீயணைப்பு அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்ணு மேல இருக்கா. மேல்மாடி. நான்தான் பூட்டினேன். சாவி பாருங்க, என்கிட்ட இருக்கு!"

அதிகாரி மிஸஸ் ப்ரூடோவைப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவ பதில் சொன்னா சார். நான் கோடு போட்டிருக்கேன். இவருக்கு... போன தடவைலேர்ந்து மனசு சரியில்ல."

"மறுபடி கூப்பிடுங்க," என்றார் அதிகாரி.

"ஹேசல் டக்வெல்?"

"இருக்கேன், மேடம்!"

இந்தத் தடவை கையும் உயர்ந்தது. பின்வரிசையில், அங்கிகளுக்கு மேலே, மூடுபனிக்குள் வெள்ளையாக ஒரு கை. எல்லாரும் பார்த்தார்கள். கை எந்த அங்கியிலிருந்து நீண்டது என்று லென்னும் பார்த்தார். அதற்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனிதான் இருந்தது.

"கேட்டுச்சில்ல பெரியவரே?" அதிகாரி அவர் தோளைத் தட்டினார். "மூணாம் மாடித் தளம் எந்த நேரமும் விழும். வெறும் ரூமுக்காக என் பசங்களை அனுப்ப முடியாது."

"அது அவ இல்லய்யா! அது அவ இல்ல!"

பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தன் தேநீரை நீட்டினாள்.

லென் கோட்டை வீசிவிட்டுப் பின்படிக்குள் ஓடினார். யாரோ கத்தினார்கள். ஐம்பத்தெட்டு வயதுக் கால்கள் அவை. ஆனால் அந்தப் படிகளில் எந்தப் படி எவ்வளவு உயரம் என்பது அந்தக் கால்களுக்குத் தெரியும். இரண்டாம் மாடிக்கு மேல் கண் உதவவில்லை. கைப்பிடிச் சுவர் தோலைச் சுட்டது. சுவருக்குள் நெருப்பு ஏறும் சத்தம் காட்டாறு மாதிரி கேட்டது.

சாவி பூட்டுத் துவாரத்தைத் தேடித் தேடி உரசியது.

திறந்தது. ஆனால் கதவு முழுசாகத் திறக்கவில்லை. பின்னால் ஏதோ தடுத்தது.

ஹேசல்.

கதவோடு கதவாகச் சரிந்து கிடந்தாள். விரல் நுனிகளெல்லாம் ரத்தம். லென் இடுக்கில் நுழைந்து, அவளை அக்குளில் பிடித்து இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கண்ணாடியை முழங்கையால் உடைத்தார். கீழே முற்றம். ஏணி வண்டி. தொப்பிகள். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தொண்டைக்குள் கரி அப்பியிருந்தது. உள்ளேயிருந்து போன புகை ஜன்னலை மறைத்துவிட, கீழே யாருக்கும் அவர் தெரியவில்லை.

அதிகாரியின் குரல் மேலே வந்தது. "உள்ள ஓடினாரே, அந்தப் போர்ட்டர். அவர் பேரைக் கூப்பிடுங்க."

கூப்பிடு, கூப்பிடு. லென் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பதில் வராது. ஏணி வரும்.

"லென் டக்வெல்?"

"இங்கதான் மேடம் இருக்கேன். பாதியில திரும்பிட்டேன்."

அது அவருடைய குரல். முப்பத்தோரு வருடமாக அந்த முற்றத்தில் கேட்ட, கொஞ்சம் கரகரத்த, மரியாதையான அதே குரல்.

"நல்லது," என்றார் அதிகாரி. "எல்லாரும் வந்தாச்சு. ஏணியைப் பின்னால எடுங்கடா!"

ஏணி விலகிப் போகும் சத்தம் கேட்டது.

லென் மகளைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு தரையில் படுத்தார். பலகைகளுக்கு அடியில் நெருப்பு முனகியது. அந்தச் சூட்டுக்கு நடுவே, கட்டிலின் அந்தப் பக்க மூலையிலிருந்து மட்டும் குளிர் அடித்தது. ஈரக் கம்பளி வாசனை. அணைந்த மெழுகுவத்தி. புகை அந்த மூலைக்குள் போகாமல் ஒதுங்கி நின்றது.

ஆர்ச்சி சொன்னது எந்த அறை என்று அப்போது அவருக்குப் புரிந்தது.

"தம்பி," என்றார். குரல் இல்லை, வெறும் காற்று. "தம்பி, கேளு. நீ நல்லது செய்யறதா நெனக்கிற. காப்பாத்தறதா நெனக்கிற. இல்லப்பா. நீ குரல் குடுத்தா எங்களை யாரும் தேட மாட்டாங்க. உன் கூட்டாளியையும் அப்படித்தான் தேடாம விட்டாங்க. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். எங்களை வராதவங்களா விட்டுடு. வாயைத் திறக்காதே. என் பொண்ணுப்பா. எனக்கு வேற யாரும் இல்ல."

மூலையில் ஏதோ அசைந்தது. ஒரு நீண்ட மூச்சு, தேம்பலை அடக்குகிற மாதிரி.

கீழே மிஸஸ் ப்ரூடோவின் குரல். அவளுக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். பயம் கலந்த குரலில் கேட்டாள். "லென்? எங்க நிக்கிறீங்க? என் முன்னாடி வாங்க. லென் டக்வெல்?"

பதில் இல்லை.

"ஹேசல்? ஹேசல் டக்வெல்?"

முற்றத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அவ்வளவு அமைதியை லென் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த அமைதியில் அவர் அழுதார்.

"ரெண்டு பேரும் மேல இருக்காங்க!" என்று மிஸஸ் ப்ரூடோ அலறினாள். "ஏணி! ஏணியைக் கொண்டாங்க!"

அப்புறம் நடந்தது அவருக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது. ஜன்னலில் ஒரு தலைக்கவசம். யாரோ அவர் கைகளைப் பிரித்து மகளை வாங்கிக்கொண்டார்கள். மூடுபனியின் ஈரம் முகத்தில் பட்டது. முற்றத்தில் கோப்பைகளோடு நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் ஹை ஸ்ட்ரீட்டில் திரும்பியது. ஹேசல் படுக்கையில் கிடந்தாள். முகத்தில் ஆக்ஸிஜன் மூடி. இளவயது மருத்துவப் பணியாளன் ஒருவன் அவள் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். எண்ணிக்கொண்டே அழுத்தினான். அப்புறம் எண்ணுவதை நிறுத்தினான். அவள் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். மறுபடியும் வைத்துப் பார்த்தான்.

"என்ன?" என்றார் லென். "ஏன் நிறுத்திட்டே?"

அவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஹேசல்?" லென் முன்னால் குனிந்தார். "ஹேசல், கண்ணு, அப்பா வந்துட்டேன் பாரு. கேக்குதா?"

"இருக்கேன்ப்பா."

லென் பணியாளன் பக்கம் திரும்பினார். "கேட்டியா? பேசறா! பேசறா பாரு!"

பணியாளனுக்கும் கேட்டிருந்தது. அவன் சடாரெனப் பின்வாங்கி வண்டியின் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவன் பார்வை ஹேசலின் வாய் மேல் இருந்தது. மூடிக்குள் உதடுகள் நீலமாகச் சேர்ந்திருந்தன. மூடியின் உட்புறத்தில் மூச்சின் ஆவி படியவே இல்லை.

வண்டிக்குள் ஈரக் கம்பளி வாசனை நிறைந்திருந்தது.

வராதவர்களுக்காக மட்டும்தான் அந்தப் பழைய கூட்டாளி குரல் கொடுப்பான். அது லென்னுக்குத் தெரியும். வாயைத் திறக்காதே என்று கையெடுத்துக் கும்பிட்டவரே அவர்தான்.

அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கண்களை இறுக்க மூடிக்கொண்டு, அவளுடைய ரத்தம் காய்ந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம் கூப்பிட்டார்.

"ஹேசல்?"

"இருக்கேன்ப்பா."